ஆகமம், நாடகம், சிவகாசி

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் சாமி படம் விற்கிற கடைகளில் பழைய படத்துக்கு ஒரு விலை, புதுப் படத்துக்கு ஒரு விலை என்று கிடையாது. அளவுக்கும் சட்டத்துக்கும்தான் காசு. அதனால் வாங்க வருகிறவர் எதை எடுக்கிறார் என்பதில் பணம் குறுக்கே வராது, கண் மட்டும்தான் முடிவு செய்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் ஓரமாக நின்று பாருங்கள். கணினியில் வரைந்த புதுப் படத்தை எடுத்து, "சூப்பரா இருக்கு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிவிட்டு, அதை இருந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். வாங்கிப் போவது, பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டிருக்கும் காலண்டர் படம். பூஜையறைக்குப் பழையது, கைபேசிக்குப் புதியது. ஊருக்கு வருகிறவர்கள் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நான் அந்தப் புதுப் படங்களை வரைகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையும் கடைத்திறப்பு ஃபிளெக்ஸும் செய்துகொண்டிருந்தேன். தேரடி வீதிப் பக்கம் ஃபிரேம் கடை வைத்திருக்கும் ஒருவர், பழைய சாமி படங்களை "புதுசா, ஆனா பழசு மாதிரியே" வரைந்து தரச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை: மாடியில் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் படம் அச்சுக்குப் போகும்.

மாடியில் இருந்தவர் மாஸ்டர். ஊரில் பலருக்கும் அவர் பெயரே அதுதான். ஒரு காலத்தில் சினிமா கட்-அவுட், அரசியல் பேனர், திருவிழாவுக்குத் தட்டி, லாரிக்கு முன்னால் அம்மன் முகம் என்று எல்லாம் எழுதியவர். வரைவது என்று அவர் சொல்ல மாட்டார், படம் எழுதுவது என்றுதான் சொல்வார். ஃபிளெக்ஸ் வந்து அந்த வேலையை மொத்தமாக எடுத்துக்கொண்ட பிறகு, வெளுத்துப்போன பழைய படங்களுக்கு டச்சப் செய்துகொண்டு கடை மாடியில் உட்கார்ந்திருந்தார். கணினியைத் தொட மாட்டார். என் பென் டேப்லெட்டை முதல் நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிலேட்டும்மா இது" என்றார். அதன்பின் அதற்கு வேறு பெயர் இல்லை.

பாடம் ஸ்கேனரில் ஆரம்பித்தது. பழைய காலண்டர் படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால், சாமி காணாமல் போய்விடுகிறார். மிச்சம் இருப்பது வெறும் புள்ளிகள். ஆஃப்செட் அச்சு நான்கு மைகளில் நடக்கிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு மையின் புள்ளி வரிசையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். வழக்கமாகக் கறுப்பு 45 பாகை, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 90. இந்தச் சாய்மானம் சரியாக இருந்தால் புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்ன ரோஜாப் பூக்களாகத் தெரியும். தூரத்தில் அதுவும் மறைந்து நிறமாகிவிடும். ஸ்கேனருக்குள்ளும் ஒரு கட்ட வரிசை இருப்பதால், அதுவும் அச்சுப் புள்ளி வரிசையும் மோதிக்கொண்டு படம் முழுக்க அலையலையாக ஒரு கோலம் விழுகிறது. அதை நீக்கப் படத்தைக் கொஞ்சம் மங்க வைத்து, அளவைக் குறைத்து, மீண்டும் கூர்மையாக்க வேண்டும். இதெல்லாம் எந்த யூடியூப் பாடத்திலும் கிடைக்கும்.

கிடைக்காதது வேறு. புருவம் என்று இத்தனை நாள் நினைத்திருந்த இடத்தில் கோடே இல்லை. கறுப்புப் புள்ளிகள் கொஞ்சம் நெருங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த நெருக்கத்தின் மேல் விளிம்பில் கோடு போட்டால் சாமி ஆச்சரியப்படுகிறார், கீழ் விளிம்பில் போட்டால் கோபப்படுகிறார். டிரேஸ் எடுப்பது என்றால் இருக்கிற கோட்டின் மேல் இன்னொரு கோடு போடுவது என்றுதான் கல்லூரியில் பழகியிருந்தோம். இங்கே எடுப்பதற்குக் கோடு இல்லை, எங்கே இருந்திருக்கும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாஸ்டருக்கு இது புதிதாகவே இல்லை. உள்ளங்கை அளவு ஃபோட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சாக்பீஸ் தடவிய நூலால் நாற்பதடிப் பலகையில் அடித்து, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றியவர் அவர். சாரத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணை எழுதும்போது அந்தக் கண் ஓர் ஆள் அகலம் இருக்கும். எழுதுகிறவனுக்கு அது கண்ணாகவே தெரியாது. இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஏற வேண்டும். பெரிதாக்கும்போது விவரம் சேர்க்கக் கூடாது, குறைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். நாங்கள் கணினிக்காரர்கள் இதற்கு நேர் எதிர். பெரிதாக்கிப் பார்க்கிற வசதி இருப்பதால் கிரீடத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒளி வைப்போம், முழுப் படமாகப் பார்த்தால் முகத்தைவிடக் கிரீடம் பேசும். அதனால் என் திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்றார். ஒன்றில் வேலை, இன்னொன்றில் கட்டைவிரல் நகம் அளவில் முழுப் படம். எதிர்ப் பக்க ரோடு அது.

அவர் சொல்லிக்கொடுத்ததில் பெரியது, படத்தைப் பிரித்துப் பார்ப்பது. கையில் ஒரு பழைய முருகன் படத்தைக் கொடுத்து, "இதுல சாமி கணக்கு எது, டிராமா கணக்கு எது, பிரஸ் கணக்கு எது, பிரி" என்றார். ஆறு முகம், பன்னிரண்டு கை, வேல், மயில் எல்லாம் சாமி கணக்கு. பின்னால் இருக்கும் பளிங்குத் தரை, சுருட்டிக் கட்டிய சிவப்புத் திரை, தூண் வரிசை, குளத்தில் அன்னம், இதெல்லாம் டிராமா கணக்கு. கன்னத்தின் ரோஜா நிறமும் உடம்பின் பாலேடு நிறமும் பிரஸ் கணக்கு. நான் என் ஃபைலில் லேயர்களை மூன்று கட்டாகப் பிரித்து, ஆகமம், நாடகம், சிவகாசி என்று பெயர் வைத்துக்கொண்டேன். லேயருக்கு "லேயர் 47 காப்பி" என்று பெயர் விட்டுப் பழகிய எனக்கு, அந்த மூன்று பெயர்களே படத்தின் வரலாறாகத் தெரிய ஆரம்பித்தன.

நாடகம் எப்படிச் சாமி படத்துக்குள் வந்தது என்பதற்கு எங்கள் ஊரையும் தொட்டுக்கொண்டு ஒரு கதை இருக்கிறது. காலண்டர் படம் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் வரும் பெயர் சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் படித்துவிட்டு, துறவு நாட்டத்தில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். செங்கம் சாலையில் இன்று ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கிற அதே ஆசிரமம்தான். அங்கிருந்து போனவர் நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை எழுதும் ஓவியராகச் சேர்ந்தார். அந்தக் குழு 1940களில் கோவில்பட்டியில் கலைந்தபோது, அவரும் அங்கேயே தங்கிவிட்டார். அருகில் சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காக வளர்ந்த அச்சகங்களுக்கு ஆண்டுதோறும் காலண்டருக்குச் சாமி படம் வேண்டியிருந்தது. அரண்மனை சீன், தர்பார் சீன், நந்தவன சீன் என்று மேடைக்குத் திரை எழுதிய கை, அந்த சீன்களுக்கு முன்னால் சாமியை நிறுத்தியது. 1976இல் அவர் மறையும்வரை, அவரும் டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் போன்ற சீடர்களும் எழுதிய படங்கள் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்துவிட்டன. பல படங்களில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

அவர்களுக்கு முன்னால் ரவி வர்மா. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த ஓலியோகிராஃப் படங்கள்தான், எண்ணெய் ஓவியத்தின் வெளிச்சம் நிழலைச் சாமி முகத்துக்குக் கொண்டுவந்து இந்தியா முழுக்கப் பரப்பியவை. ஆக, நான் "மரபு ஓவியம்" என்று நினைத்து மாற்றத் தயங்கிக்கொண்டிருந்த அந்த உருண்டை முகம், மினுமினுப்பு, தூரத்தில் தேயும் மலை எல்லாவற்றுக்கும் நூற்றுச்சொச்சம் வயதுதான்.

அதற்கு முந்தைய மரபு எப்படி இருந்தது என்று பார்க்க மாஸ்டர் என்னைச் செங்கத்துக்கு அனுப்பினார். எங்கள் மாவட்டம்தான், மேற்கே பஸ்ஸில் போகலாம். அங்கே வேணுகோபால பார்த்தசாரதி கோயில் மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன, தெலுங்கு எழுத்துக் குறிப்புகளோடு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், அங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே இல்லை. நிழல் கிடையாது. நிறம் தட்டையாக நிரம்பியிருக்கிறது, அதைச் சுற்றி உறுதியான கோடு. ஆள் பெரிது என்றால் பக்கத்தில் நிற்கிறான் என்று அர்த்தமில்லை, முக்கியமானவன் என்று அர்த்தம். காட்சிக்குக் காட்சி பட்டை பட்டையாகக் கதை நகர்கிறது. இன்றைக்கு வெக்டர் ஸ்டைல், ஃபிளாட் டிசைன் என்று நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வதற்கும் அந்த விதானத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம், காலண்டருக்கும் விதானத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைவிடக் குறைவு. கணினிப் படம் என்றாலே பழமையை விட்டு விலகுவது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை செங்கம் போய் வரலாம். பல இடங்களில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. போகிறவர்கள் சீக்கிரம் போவது நல்லது.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் லிங்கோத்பவர் வேலையைக் கையில் கொடுத்தார்கள். திருவண்ணாமலைக்காரருக்கு இது சொந்த வீட்டுக் கதை. பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார், திருமால் பன்றியாகிக் கீழே தோண்டினார், நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியையும் அடியையும் இருவராலும் காண முடியவில்லை, தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் நெருப்பு. கதை எல்லோருக்கும் தெரியும். உருவத்தை அளவோடு வரைவதுதான் பாடு.

சிவன் கோயில்களில் லிங்கோத்பவர் கருவறையின் பின்சுவர்க் கோட்டத்தில் இருப்பார். கைபேசியில் படமெடுக்க வழியில்லை. பார்க்க வேண்டும், மனதில் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், உட்கார்ந்து நோட்டில் போட வேண்டும். எது மறந்துபோனதோ அதற்காக மறுபடி உள்ளே போக வேண்டும். கூட்ட நாளில் நின்று பார்க்க விடவும் மாட்டார்கள். இந்த இடத்தில் மாஸ்டர் அடிக்கடி சொல்வது ஓவியர் சில்பியைப் பற்றி. நாமக்கல்காரர், 1919இல் பிறந்தவர், இயற்பெயர் பி.எம். ஸ்ரீனிவாசன். ஆனந்த விகடனில் "தென்னாட்டுச் செல்வங்கள்" என்ற தலைப்பில் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைக் கோட்டில் கொண்டுவந்தவர். சிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து வரைந்த கை அது. கல்லின் ஒரு பக்கம் விழும் வெளிச்சத்தை வெறும் பேனாக் கோடுகளின் நெருக்கத்தால் காட்டுவார். விகடன் வெளியிட்ட தொகுப்பு மாஸ்டரிடம் இருக்கிறது. அதைக் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது மாடியின் சட்டங்களில் ஒன்று. "அவர் நிழல் போடலம்மா, கல்லு எங்க திரும்புதுன்னு சொல்றார்" என்பார். டிஜிட்டல் பிரஷ்ஷில் மென்மையாகத் தேய்த்து உருண்டை காட்டுவது ஒரு நொடி வேலை. திருப்பம் எங்கே என்று தெரியாமல் தேய்த்தால் எல்லாம் ரப்பர் பொம்மையாகிவிடும். சில மாதங்கள் மென்மையான பிரஷ் எனக்குத் தடை செய்யப்பட்டிருந்தது. கை நடுக்கத்தைத் தானாகச் சரிசெய்து கொடுக்கும் வசதியையும் குறைத்து வைக்கச் சொன்னார். அது தருவது வழுக்கிக்கொண்டு போகிற கோடு, எங்கே அழுத்த வேண்டும் என்ற யோசனை அதில் இருக்காது.

அளவுக்கு வேறொருவரிடம் போனேன். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் மரபு ஓவியம் படித்தவர், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் திருப்பணிக்கு வந்திருந்தார். சிவன், திருமால், பிரம்மாவுக்கு உத்தம தசதாலம், அதாவது உருவத்தின் மொத்த உயரம் 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. இந்த அங்குலம் ஸ்கேல் அங்குலம் இல்லை. உருவத்தின் உயரத்தை 124 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. சிலை ஓரடியானாலும் இருபதடியானாலும் கணக்கு மாறாது. கணினிக்கு இதைவிட வசதியான அளவுமுறை கிடையாது. உருவத்தை 1,240 பிக்செல் உயரத்துக்கு வைத்தால் ஓர் அங்குலம் பத்து பிக்செல், கட்டம் தானாக விழுந்துவிடும். திருப்பணிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

லிங்கோத்பவரில் ஒரு சிக்கல் உண்டு. லிங்கத்தின் நடுவில் பிளந்து தெரியும் இடத்தில் சிவன் நிற்கிறார். பின்கைகளில் மழுவும் மானும். முழங்காலுக்குக் கீழே பாதம் தெரியாது, தெரியவும் கூடாது. அடியைத்தான் யாரும் காணவில்லையே. அப்படியானால் 124 அங்குலம் எங்கே முடிகிறது? தெரியாத காலையும் வரைய வேண்டும் என்றார் திருப்பணிக்காரர். முழு உருவத்தையும் பாதம்வரை அளவோடு போட்டு முடித்துவிட்டு, பிறகு லிங்கத்துக்குள் மறைத்துவிட வேண்டும். கல்லில் வேலை செய்கிறவர் அதை வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வார். என் ஃபைலில் அந்தப் பாதங்கள் இன்னும் இருக்கின்றன, ஆகமக் கட்டின் அடியில், கண்ணை மூடிய ஒரு லேயராக. கடைக்காரருக்கு இது தெரிந்ததும், "அந்தக் காலை மட்டும் தனியா ஒரு படம் போடலாமா" என்று கேட்டார். மாஸ்டர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அடுத்து நெருப்பு. திரையில் ஆரஞ்சு நிறம் ஒளியால் ஆனது, தாளில் மையால் ஆனது. திரையில் தகதகக்கும் ஆரஞ்சை நான்கு மையில் அச்சடித்தால் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். இதை ஈடுகட்டத்தான் எங்கள் ஆட்கள் உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் வைக்கிறார்கள், ஒரு பட்டனில் வந்துவிடும். கிரிவலப் பாதையில் விற்கும் புதுப் படங்களை ஒருநாள் வரிசையாகப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னது: "எல்லா சாமிக்கும் முதுகுல டியூப்லைட் கட்டி வச்சிருக்கீங்க." பழைய ஆட்கள் இதற்கு வைத்திருந்த வழி எளிமையானது. நெருப்பைப் பிரகாசமாக்க மாட்டார்கள், சுற்றியிருப்பதை இருட்டாக்குவார்கள். லிங்கத்துக்குப் பின்னால் கருநீல வானம், மலையின் நிழல் உருவம், பக்கத்தில் தணிந்த பச்சை. அந்த நடுவில் சாதாரண மஞ்சளே எரியும். ஒளிவட்டத்தை எடுத்துவிட்டு இப்படிச் செய்து பார்த்த பிரிண்ட் கடையில் மாட்டப்பட்டபோது, வாங்க வந்தவர்கள் அதை முதல் தடவையாகக் "கம்ப்யூட்டர் படம்" என்று சொல்லவில்லை.

மூன்றாவது கட்டு, சிவகாசி. அங்கேதான் மாஸ்டருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை, இன்றும் ஒத்துப்போகவில்லை. பழைய படத்துச் சிவனின் பாலேடு நிறம் சாஸ்திரம் சொன்னதில்லை, அச்சு சந்தையின் ருசி என்பது என் கட்சி. சினிமா முகமும் அதற்குள் இருக்கிறது. சென்னையில் 2017இல் நரேஷ் நில் என்ற புகைப்படக்காரரும் பரத்வாஜ் சுந்தரும் "டார்க் இஸ் டிவைன்" என்று கரிய நிறத்தவர்களைத் தெய்வங்களாக நிறுத்தி எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். கருவறையில் கறுப்பாக இருக்கிறவர் காலண்டரில் மட்டும் ஏன் வெளுக்கிறார்? மாஸ்டரின் பதில் வேறு. சிவனுக்குச் செந்நிறம் என்றும் வெண்ணீறு பூசியவர் என்றும் பாட்டிலேயே இருக்கிறது, சிலை கறுப்பாக இருப்பது கல்லும் எண்ணெயும் சேர்ந்ததால் என்பார். அதோடு, வாங்குகிறவர் தன் பாட்டி வீட்டுச் சுவரில் பார்த்த முகத்தைத் தேடுகிறார், அந்த முகத்தில் ரோஜாக் கன்னம் இருந்தது என்றால் அதுவும் இப்போது சாமி கணக்கில் சேர்ந்துவிட்டது என்பார். பிரிக்கக் கற்றுக்கொடுத்தவரே பிரித்ததை மறுபடி சேர்க்கிறார் என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் கடையில் நின்று பார்த்தால் அவர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. முடிவாக, மாநிறத்தில் ஒன்று, செந்நிறத்தில் ஒன்று என்று இரண்டாக அச்சடித்தோம். இரண்டும் விற்கின்றன. வயதானவர்கள் ஒன்றையும் இளசுகள் ஒன்றையும் வாங்குவார்கள் என்று நாங்கள் இருவரும் எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை, கலந்துதான் போகிறது.

இந்தப் பிரிப்பில் சட்டமும் உட்கார்ந்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் ஆயுள் முழுவதும், மறைந்த பின் 60 ஆண்டுகளும் இருக்கும். ரவி வர்மா 1906இல் மறைந்தார், அவர் படங்கள் எப்போதோ பொதுவாகிவிட்டன. கொண்டையராஜு படங்கள் 2036 முடியும்வரை பொதுவாகாது. சீடரோடு சேர்ந்து எழுதிய படம் என்றால் இருவரில் கடைசியாக மறைந்தவரிலிருந்துதான் கணக்கு. ஓவியர் படத்தை அச்சகத்துக்கு விற்றிருந்தால் உரிமை இன்று யாரிடம் என்று தேட வேண்டும். "பழைய படம்தானே" என்று கையெழுத்தை மட்டும் அழித்துவிட்டு மெருகேற்றி விற்பது கிரிவலப் பாதையில் சகஜம். எங்கள் மாடியில் அது நடக்காது. மழுவும் மானும் எந்தத் தனியொருவரின் சொத்தும் இல்லை, அவை யார் வேண்டுமானாலும் வரையலாம். குறிப்பிட்ட ஒரு தூணில் குறிப்பிட்ட விதமாகச் சரிந்திருக்கும் திரைச்சீலை ஒருவருடைய கை. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், எடுத்து ஒட்டக் கூடாது. ஆகமக் கட்டு பொது, நாடகக் கட்டு நானே போட வேண்டியது என்று ஆனபோது, எனக்கு முதல் தடவையாகச் சொந்தமாக வரைய இடம் கிடைத்தது. என் லிங்கோத்பவருக்குப் பின்னால் பளிங்குத் தூண் இல்லை. அங்கே இருப்பது, வடக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையின் சரிவு.

கண்ணைக் கடைசியில்தான் எழுதினேன். சிற்பிகளும் பேனர்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், மாஸ்டரும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. நினைத்தால் அழித்துத் திரும்பப் போடலாம் என்கிற கருவியில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் சாமி எங்கே பார்க்கிறார் என்று தெரியும், முன்னாலேயே எழுதினால் நீ அந்தக் கண்ணுக்காகப் படத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவாய் என்றார். தொழில் காரணம்தான். ஆனால் அன்றைக்குக் காலையில் அவர் குளித்து, விபூதி பூசி வந்திருந்ததையும் கவனித்தேன்.

படம் அச்சுக்குப் போன பிறகு, கைபேசி முகப்புக்கும் ஒன்று வேண்டும் என்றார் கடைக்காரர். காலண்டர் படம் கொஞ்சம் அகலமானது. கைபேசித் திரை ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். மற்ற சாமிகளை அதற்குள் அடைப்பது பெரும்பாடு. ஆறுமுகனுக்கு இரண்டு பக்கமும் கை வெட்டுப்படும். லிங்கோத்பவருக்கு மட்டும் அந்த வடிவம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது: அடியும் முடியும் இல்லாத தூணுக்கு நெட்டைத் திரைதான் சரி. ஒரே தொல்லை, மேலே பறக்கும் அன்னத்தின் மேலேயே கைபேசி மணி காட்டியது. பிரம்மாவின் முகத்தில் 6:40. கீழே பன்றியின் மேல் டார்ச் பட்டனும் கேமரா பட்டனும். மாஸ்டர் கைபேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அன்னத்தைக் கீழே இறக்கு, பன்றியை மேலே ஏற்று, ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் தோற்கட்டும் என்றார். இறக்கினேன், ஏற்றினேன். மேலும் கீழும் வெறும் நெருப்புக்கு இடம் கூடியது. அச்சுப் படத்தைவிடக் கதைக்கு அதுதான் சரியாக இருந்தது. அடுத்த பதிப்பில் அச்சுப் படத்தையும் அதே மாதிரி மாற்றினோம்.

இப்போது எங்கள் ஊர் உண்ணாமுலை அம்மன் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. 120 அங்குலக் கட்டம் போட்டாயிற்று, நின்ற கோலம் முடிந்தது. கடைக்காரருக்குப் புடவைக் கரையில் காஞ்சிபுரத்துக் கோபுர பார்டர் வேண்டுமாம், ஆடி மாதத்துக்குள் வேண்டுமாம். பார்டருக்கு எந்தக் கணக்கு என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"டிராமா" என்றார், படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்காமல். "ஆனா நல்ல டிராமாவா போடு."